ஆறாம் களத்தில் படகுகள் இல்லை

சிப்பிமுனைத் துறைமுகம், கரையோரக் கண்காணிப்பு மேடை
பதிவு எழுதுபவர்: டெல்பின் கொரைரா, வண்டல் ஆய்வாளர்

நவம்பர் 9, 2068. காலை 7.10. வழக்கமான பதிவு

வாடைக் காற்று, மிதமாக. மேடையருகே அலை ஒன்றே கால் மீட்டர். ஆறாம் களத்தில் வெறும் முப்பது சென்டிமீட்டர். நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே. கலங்கல் நேற்றைப் போலவே. கருவிகள் எல்லாம் ஓடுகின்றன, காபி இயந்திரத்தைத் தவிர.

இதைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும் என்பது விதி. யாரும் படிப்பதில்லை என்பது என் அனுபவம். இருந்தாலும் எழுதுகிறேன். துறைமுகக் கால்வாயில் வருஷம் முழுக்கச் சேறு வந்து படியும். அள்ளாவிட்டால் கப்பல் உள்ளே வராது. அள்ளியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் என் பிழைப்பு. முன்பெல்லாம் ஆழ்கடலில் கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போது கரைக்குப் பக்கத்திலேயே, இடம் பார்த்துக் கொட்டுகிறோம். அலையே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, அரித்துப்போன கரைக்குக் கொடுக்கும். அப்படிப்பட்ட இடங்கள் ஒன்பது. ஒன்பதுக்கும் ஆழம், அலை, நீரோட்டம், அடித்தரை எல்லாம் நான் அளந்து அனுப்புவேன். இன்றைக்கு எந்தக் களம் என்று முடிவு செய்வது கரையில் இருக்கும் தேர்வு இயந்திரம். அது சொன்ன இடத்தில் சேறு அள்ளும் ஆளில்லாத கப்பல்கள், மூன்று ட்ரெட்ஜர்கள், போய் வயிற்றைத் திறந்து கொட்டிவிட்டு வரும்.

அந்த இயந்திரத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. வேளாவேளைக்குப் பரிமாற வேண்டும், கொஞ்சம் பிந்தினால் முகத்தைத் தூக்கும், நாம் சொல்வது எதுவும் காதில் விழாது. எல்லாவற்றுக்கும் நன்றி மட்டும் சொல்லும்.

என்னோடு வேலை செய்தவர் காய்ச்சலில் கரைக்குப் போய்விட்டார். மாற்று ஆள் வரவில்லை. நான்கு இரும்புக் கால்கள் மேல் நான் ஒருத்தி.

நவம்பர் 12. பிற்பகல் 3.40

ஆறாம் களம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. கொட்டிய சேறு இறுகாமல் அடியில் கூழாகக் கிடக்கிறது. அதன் மேல் வரும் அலை சோர்ந்துபோகிறது. சுற்றிலும் கடல் குதித்தாலும் அந்த வட்டத்துக்குள் குளத்துத் தண்ணீர். சேற்றுக்கு இறால் வரும், இறாலுக்கு மீன் வரும், மீனுக்கு ஆள் வரமாட்டானா? வந்தான். முதலில் வந்தது என் கூடப்பிறந்த அண்ணன், குருசடித்துறை இஞ்ஞாசி.

படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்ல ஒவ்வொரு படகிலும் ட்ராக்கர் உண்டு. அது அரசாங்கத்துச் சட்டம். நல்ல மீன்பாடு உள்ள இடத்துக்குப் போவதானால், படகு கட்டும் ஜெட்டியிலேயே ட்ராக்கரை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூட வேண்டும். அது எங்கள் கடற்கரைச் சட்டம். போடாவிட்டால் அடுத்த ஊர்க்காரன் போனில் பார்த்துக்கொண்டே பின்னால் வந்துவிடுவான். வயர்லெஸ்ஸில் திட்டினேன். பதில் வந்தது:

"ஏட்டி டெல்பினு, ஒன் சேறு சும்மா சொல்லக்கூடாது, இறாலா அள்ளுதோம். ட்ராக்கர ஆன் பண்ணினா நண்டுமுனைக்காரன் அத்தன பேரும் இங்க வந்து நிப்பான். ஒனக்கென்ன, மேல உக்காந்து வேடிக்க பாக்குத."

வேடிக்கைதான். களத்தின் தெற்கு ஓரத்தில் நண்டுமுனைப் படகுகள் மூன்று நிற்கின்றன. அவர்கள் ட்ராக்கரும் ஐஸ் பெட்டியில். இரண்டு ஊரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு ஒரே சேற்றில் வலை விடுகிறார்கள். இவர்களை என்ன செய்ய?

கண்ணால் கண்டேன், படகுகள் ஏழு என்று மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். பதில்: "படகு நடமாட்டம் ட்ராக்கர் வழியாக மட்டுமே கணக்கிடப்படும். களம் 6: படகுகள் இல்லை. நன்றி."

வழக்கம்போலக் கட்டுப்பாட்டறை குணாளன் சாரைக் கூப்பிட்டேன். அவர் ட்ரெட்ஜரை அரைமணி நேரம் நிறுத்தி வைத்தார், படகுகள் விலகின. தினமும் இப்படித்தான் ஓடுகிறது. அவர் மனுஷன், சொன்னால் கேட்பார்.

நவம்பர் 14. காலை 8.05

புயல் வடக்கே போகும் என்றார்கள். விடிவதற்குள் திரும்பிவிட்டது, இங்கேதான் வருகிறது. வடக்கே போகும் என்பதை நம்பி அண்ணன் அதிகாலையிலேயே கடலுக்குப் போயிருக்கிறான். நண்டுமுனைக்காரர்களும் போயிருக்கிறார்கள்.

மேடையருகே அலை இரண்டரை மீட்டர். மேடை தாங்கும் என்று கட்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

குணாளன் சார் பேசியது, அப்படியே: "மேடம், எங்களையும் கிளம்பச் சொல்லிட்டாங்க. உள்ள ஒரு எரிவாயுக் கப்பல் நிக்குது. புயல்ல கால்வாய் அடைச்சா அது தரைதட்டிரும். அதனால ட்ரெட்ஜர் மூணும் நிக்காம ஓடணும்னு மேல உத்தரவு. எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்ல விட்டுட்டுப் போறோம்."

படகுகள் வெளியே இருக்கின்றனவே என்றேன்.

"இல்லையே மேடம், எல்லாப் படகும் கரையிலதான் இருக்குன்னு காட்டுது. கடைசி சிக்னல் ஜெட்டியில..."

அவ்வளவுதான். கோபுரம் போய்விட்டது போல, வெறும் இரைச்சல். பத்துத் தடவைக்கு மேல் கூப்பிட்டுப் பார்த்தேன். கடலடிக் கம்பி மட்டும் வேலை செய்கிறது. அதில் குரல் போகாது, அளவுகள்தான் போகும். மாப்பிள்ளையோடு பேச வழி இருக்கிறது, கரையில் உள்ள மனுஷரோடு பேச வழி இல்லை. பக்கத்துப் படகுகளுக்கு எட்டும் சின்ன வயர்லெஸ் மட்டும் மிச்சம்.

காலை 10.30

வந்துவிட்டார்கள். ஏழு படகும். உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

இஞ்ஞாசி: "முகத்துவாரத்துல அல கட்டடம் கணக்கா எந்திக்கி. உள்ள விட்டா தொலஞ்சோம். ஒன் சேத்துலதான் தண்ணி ஒழுங்கா நிக்கி. நாங்க இங்கயே கிடக்கோம். அடங்கினதும் போறோம்."

சரியான முடிவு. நான் படகில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அப்புறம்தான் திரையைப் பார்த்தேன்.

"களங்கள் 1 முதல் 5 வரை: அலை அதிகம், விலக்கப்பட்டன. களங்கள் 7 முதல் 9 வரை: அலை அதிகம், விலக்கப்பட்டன. களம் 6: ஏற்றது. படகுகள் இல்லை. மூன்று ட்ரெட்ஜர்களும் களம் 6-க்கு."

கொட்டுவதற்கு அதற்கும் அமைதியான தண்ணீர் வேண்டும். ஒதுங்குவதற்கு இவர்களுக்கும் அமைதியான தண்ணீர் வேண்டும். இந்தக் கடற்கரை முழுவதும் அப்படி ஒரு இடம்தான் இருக்கிறது. அதை உண்டாக்கியது நாங்கள்.

காலை 10.55

ஆறாம் களத்தில் அலை நான்கு மீட்டர் என்று பொய் எழுதி அனுப்பினேன். பதிமூன்று வருஷ வேலையில் முதல் பொய்.

"அளவு அண்டைக் கருவிகளோடு பொருந்தவில்லை. கருவிப் பழுது எனக் கருதி விலக்கப்பட்டது. நன்றி."

கருவிகளையே அணைத்துப் பார்த்தேன். "கடைசியாகக் கிடைத்த நல்ல அளவு பயன்படுத்தப்படும்." கடைசியாகக் கிடைத்த நல்ல அளவு என்ன? அமைதி.

படிவத்தின் அடியில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, நாற்பது எழுத்துக்கு. அதில் எழுதினேன்: களம் 6இல் ஆட்கள். நிறுத்து.

"குறிப்பு பெறப்பட்டது. நன்றி."

கையில் கிடைத்த காபி டம்ளரைத் திரைமேல் எறிந்தேன். திரை உடையவில்லை, டம்ளர்தான் உடைந்தது.

காலை 11.40

முதல் ட்ரெட்ஜர் வந்து கொட்டிவிட்டுப் போய்விட்டது.

வருகிறது, வடக்கு ஓரத்துக்கு ஓடுங்கள் என்று வயர்லெஸ்ஸில் கத்தினேன். ஓடினார்கள். மழையில் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. புயல் நேரத்துக்கென்று வைத்திருக்கும் முறையில் அதன் ராடார் எதிரே தெரிவதையெல்லாம் அலை என்றும் குப்பை என்றும் தள்ளிவிடும். நடுவில் வந்து நின்று அடிக்கதவைத் திறந்தது. எட்டாயிரம் கன மீட்டர் சேறு. தண்ணீர் ஒரு சுவராக எழும்பி எல்லாப் பக்கமும் போனது. நண்டுமுனைப் படகு ஒன்று கவிழ்ந்துவிட்டது.

இஞ்ஞாசி: "ரெண்டு பேரத் தூக்கிட்டோம். ஒருத்தனக் காணல. வியாகுலம்னு பேரு. ஏட்டி, தண்ணிக்குள்ள கை விட்டா கையே தெரியல, எல்லாம் களி. எங்க போய்த் தேட?"

 நீரோட்டம் தெற்கே, அந்தப் பக்கம் பாருங்கள் என்றேன்.

பிறகு அவன் சொன்னான்: "எஞ்சினெல்லாம் சேத்த இழுத்து அடச்சிக்கிட்டு. ஒண்ணும் ஸ்டார்ட் ஆவல. ஆறையும் கவுத்துல சேத்துக் கட்டிட்டோம். அடுத்தது எப்ப வரும்?"

பகல் இரண்டு மணிக்குள் என்றேன். உண்மையில் அதற்கும் முன்னாலேயே வரலாம்.

பகல் 12.05

ட்ராக்கர்களை வெளியே எடுக்கச் சொன்னேன். கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஆறும் ஒரே நிமிஷத்தில் உயிர்பெற்றன. திரையில் ஆறு பச்சைப் புள்ளிகள் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"களம் 6-இல் வழித்தடம் இல்லாத ஆறு சிக்னல்கள். போலி மிதவைகள் எனக் கருதி விலக்கப்பட்டன. களம் 6: படகுகள் இல்லை. நன்றி."

போன வருஷம் கொட்டுவதை எதிர்த்து இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு போராட்டம் நடத்தின. பழைய ட்ராக்கர்களைத் தெர்மாகோலில் கட்டிக் களத்தில் மிதக்க விட்டார்கள். ட்ரெட்ஜர்கள் ஒரு வாரம் பக்கத்தில் வரவில்லை, ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு துறைமுகத்தார் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: ஜெட்டியிலிருந்து புறப்பட்ட தடம் இல்லாமல் நடுக்கடலில் திடீரென்று முளைக்கும் சிக்னல் பொய். இவர்கள் ஜெட்டியிலேயே மூடிவிட்டார்கள். தடம் எங்கே இருக்கும்?

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"அப்ப நாங்க இங்க இல்லையாக்கும்" என்றான். பிறகு, "அம்மாட்ட ஒண்ணும் சொல்லிராத" என்றான். அம்மாவிடம் சொல்ல என்னிடம் என்ன போன் இருக்கிறது? கிறுக்கன்.

பகல் 12.25

ஒன்று பாக்கி இருக்கிறது. மாப்பிள்ளை மாற்றவே முடியாத விதி ஒன்று உண்டு. இந்த மேடையைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் ட்ரெட்ஜர் வரக்கூடாது. ஆள் இருப்பதால் அல்ல, மேடை துறைமுகத்தின் சொத்து.

மேடை நிரந்தரக் கட்டடம் கிடையாது. நான்கு காலையும் மேலே இழுத்தால் இது ஒரு தட்டைப் படகு. காற்றும் நீரோட்டமும் இங்கிருந்து நேராக ஆறாம் களத்துக்குத்தான் போகின்றன. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை, எட்டு மாதமாக அதைத்தான் அளக்கிறேன். படகுகள் இங்கே வர முடியாது. மேடை அங்கே போகலாம். நான் போய் நடுவில் நின்றால் அந்த அரை கிலோமீட்டரும் என்னோடு வரும்.

இந்த அலையில் கால்களை இழுக்கவே கூடாது என்று கையேட்டில் சிவப்பில் போட்டிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.  மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

பகல் 1.10

மிதக்கிறேன். மூன்றாவது கால் பாதியில் வளைந்துவிட்டது. கருவி அறைக்குள் தண்ணீர். கடலடிக் கம்பி சுருள் அவிழ்ந்து பின்னாலேயே வருகிறது, இன்னும் அறுபடவில்லை. சேற்றின் விளிம்பைத் தாண்டியதும் ஆட்டம் அடங்கியது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கனத்த தண்ணீர், சத்தமே இல்லை. நான் வரைபடத்தில் வட்டம் போட்ட இடம். இதற்குள் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

படகுகள் தெரிகின்றன. இஞ்ஞாசி சட்டையைக் கழற்றி ஆட்டுகிறான்.

பகல் 1.30

எல்லாரும் மேடையில் ஏறிவிட்டார்கள். இருபது பேர். ஈரத்தில் கிடுகிடுவென்று நடுங்குகிறார்கள். இருந்த பிஸ்கட்டையெல்லாம் கொடுத்தேன். நண்டுமுனை தொம்மை என்கிற பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இஞ்ஞாசி என் தலையில் ஒரு குட்டு வைத்தான், அப்புறம் அழுதான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேடையின் கால்களை இறக்கி நிற்கப் பார்த்தேன். கால் போய்க்கொண்டே இருக்கிறது. கூழ், கூழ், கூழ். அடி பிடிக்கவில்லை. பரவாயில்லை, நின்றால் என்ன, மிதந்தால் என்ன, மேடை மேடைதானே.

பகல் 1.42

இப்போதுதான் வந்தது.

"மேடையின் இருப்பிடக் கருவியில் பிழை. மேடை நகராத அமைப்பு. பதிவேட்டில் உள்ள இடமே எடுத்துக்கொள்ளப்படும். பாதுகாப்பு வட்டம் மாற்றமின்றித் தொடர்கிறது. களம் 6: ஏற்றது. நன்றி."

வட்டத்தை அங்கேயே வைத்துக் காவல் காக்கிறது. ஒன்றும் இல்லாத தண்ணீரை. வடக்கே, நான் காலையில் நின்ற இடத்தை.

மறுபடி அனுப்பினேன். மறுபடி. நாற்பது எழுத்தில் என்னவெல்லாம் எழுத முடியுமோ எழுதினேன். மேடை நகர்ந்துவிட்டது. இருபத்தொரு பேர். தயவுசெய்து. கடைசியில் கெட்ட வார்த்தையும் எழுதினேன். எல்லாவற்றுக்கும் நன்றி வந்தது.

பகல் 1.51

சத்தம் கேட்கிறது. மழைக்குள்ளிருந்து, தாழ்வாக. எஞ்சின்.

படகுக்கு இறங்கலாமா என்று கேட்கிறார்கள். இறங்கி எங்கே போக, எஞ்சின் இல்லை. துடுப்பு இரண்டு இருக்கிறது. இளவட்டங்கள் நாலு பேர் கம்பைச் சேற்றில் ஊன்றி மேடையைத் தள்ளுகிறார்கள். கம்பு இறங்கிப் போகிறதே ஒழிய மேடை அசையவில்லை. தள்ளாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. எதையாவது செய்துகொண்டிருக்கட்டும்.

விளக்குகளையெல்லாம் போட்டாயிற்று. சைரனும் போட்டாயிற்று. ட்ரெட்ஜரில் கேட்க ஆள் இல்லை.

தொம்மை செபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இரண்டு ஊரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். எனக்கு எழுதத்தான் வருகிறது.

1.56

முகப்புத் தெரிகிறது. நேராக.

நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பதிவுப் பெட்டி தண்ணீர் புகாதது, மிதக்கும். யாராவது எடுப்பீர்கள். கரையில் உள்ள கணக்கில் ஆறாம் களத்தில் யாரும் இல்லை என்று இருக்கும். படகுகள் ஜெட்டியில் இருந்தன என்று இருக்கும். மேடை வடக்கே பத்திரமாக நிற்கிறது என்றுகூட இருக்கும். அதை நம்பாதீர்கள். நாங்கள் இங்கே இருந்தோம். பெயர் எழுதுகிறேன். ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள், தள்ளுமுள்ளு இல்லாமல்.

இஞ்ஞாசி கொரைரா, குருசடித்துறை. என் அண்ணன்.
கித்தேரியான், குருசடித்துறை.
பெஞ்சமின் மோத்தா, குருசடித்துறை.
முதலில் நண்டுமுனை ஆட்களை எழுது என்கிறான் அண்ணன்.
தொம்மை, நண்டுமுனை.
அவர் மகன் சந்தியாகு.
ராயப்பன், நண்டுமுனை.
வியாகுலம், நண்டுமுனை. அவர் காலையிலேயே போய்விட்டார். அவரையும் எழுதச் சொல்கிறார்கள்.
சவேரியான்
மிக்கேல், இரண்டு பேர் அதே பெயர், இரண்டு பேரும்
அடிக்கதவு திறக்கிற சத்தம்
ஜெரால்டு, குருசடித்துறை, பத்தொன்பது வயது, அம்மா பெயரையும் போடச் சொல்கிறான், அம்மா பெயர் ரெ